அக்கரையில் வீடு, இக்கரையில் வேலை... குடியுரிமை எந்தக் கரையில்?

டெட்ராய்ட் ஆற்றின் வடகரையில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். தென்கரையில் கனடாவின் வின்ட்சர். இரண்டையும் இணைக்க 1929-ல் திறக்கப்பட்ட அம்பாசடர் பாலம் இருக்கிறது. 1930-ல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதையும் இருக்கிறது. சுரங்கத்தின் நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். நெரிசல் இல்லாத நாளில், பாஸ்போர்ட் சோதனையையும் சேர்த்துப் பார்த்தால், தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வந்து சேர்கிற நேரம்கூட ஆகாது.

வின்ட்சரில் வசித்துக்கொண்டு டெட்ராய்டில் வேலை பார்ப்பவர்கள் நிறைய பேர். மருத்துவமனைச் செவிலியர்களும் கார் நிறுவன இன்ஜினீயர்களும் காலையில் ஒரு நாட்டுக்குப் போய், ராத்திரி சாப்பாட்டுக்கு இன்னொரு நாட்டுக்குத் திரும்புகிறார்கள்.

வேலைக்குப் போய்வர இந்த ஏற்பாடு வசதிதான். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்க நினைப்பவருக்கு, மனைவியையோ கணவரையோ ஸ்பான்சர் செய்ய நினைப்பவருக்கு, இதே ஏற்பாடு பல வருடங்களைத் தின்றுவிடக்கூடும். எப்படி? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவர் தமிழ்நாட்டுக்காரர். டெட்ராய்டில் வேலை. நிறுவனம் மூலமாக கிரீன் கார்டு வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் கல்யாணம். மனைவி கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். வேலை வின்ட்சரில். பாஸ்போர்ட் இருவருக்கும் இந்தியாவுடையது.

மனைவியால் டெட்ராய்டில் குடியேற முடியாது. அதற்கான விசா அவரிடம் இல்லை. அதனால் கணவர் வின்ட்சருக்கு வந்துவிடுகிறார். மனைவி ஸ்பான்சர் செய்ததில் அவருக்குக் கனடாவிலும் வசிப்புரிமை கிடைக்கிறது. தினமும் சுரங்கம் வழியாக வேலைக்குப் போகிறார், சாயங்காலம் வீடு திரும்புகிறார்.

ஊரிலிருந்து போனில் பேசும் அம்மாவுக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியாது. "அதான் ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்களேப்பா... அஞ்சு வருஷம் ஆனா சிட்டிசன்ஷிப் கொடுத்துடுவாங்கன்னு நீதானே சொன்னே?"

"ஆமாம்மா. தினமும் அமெரிக்காவுக்குத்தானே போறேன்" என்பார் மகன்.

அங்கேதான் தப்பு நடக்கிறது.

அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தில் இரண்டு தனித்தனி கேள்விகள் இருக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, நேரில் இருந்த நாள்கள். கிரீன் கார்டு கிடைத்த பின் கடந்த 5 வருடங்களில், குறைந்தது 30 மாதங்கள், அதாவது 913 நாள்கள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு, தொடர்ச்சியான வசிப்பு. அந்த 5 வருடங்களும் அமெரிக்காதான் உங்கள் வசிப்பிடமாக இருந்திருக்க வேண்டும்.

நம் கற்பனைக் கணவர் முதல் கேள்வியில் பாஸாகிவிடுவார். நாட்டுக்குள் நுழைந்த நாளையும் வெளியேறிய நாளையும் அமெரிக்கக் குடியுரிமைத் துறை முழு நாளாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வருடத்துக்கு 250 நாள் வேலைக்குப் போனால், 5 வருடத்தில் 1,250 நாள். தேவைக்கு மேலேயே இருக்கிறது.

இரண்டாவது கேள்வியில் அவர் ஃபெயில். வசிப்பிடம் என்றால் என்ன என்று அமெரிக்கக் குடிவரவுச் சட்டமே விளக்கம் சொல்கிறது. ஒருவர் உண்மையில் குடியிருக்கும் முதன்மையான வீடுதான் அவருடைய வசிப்பிடம். அவர் மனதில் என்ன எண்ணம் இருந்தது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. "என் மனசெல்லாம் அமெரிக்காவில்தான் சார் இருக்கு" என்று சொல்லிப் பயனில்லை. படுக்கையும் அடுப்பும் வின்ட்சரில் இருந்தால், வசிப்பிடம் வின்ட்சர்தான்.

எல்லை தாண்டி வசிப்பது குற்றமா?

இல்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவர் கனடாவிலோ மெக்ஸிகோவிலோ வசித்துக்கொண்டு அமெரிக்காவில் வேலை பார்க்க, சட்டத்திலேயே தனி வழி இருக்கிறது. 'கம்யூட்டர்' என்ற அந்த அந்தஸ்துக்கு முறையாக ஐ-90 படிவம் கொடுத்து மாறிக்கொள்ள வேண்டும். தினமும் போய்வருபவர்களுக்கும், சீசனுக்குப் போய்வருபவர்களுக்கும் இது பொருந்தும்.

இதில் லாபம், கிரீன் கார்டு கையை விட்டுப் போகாது. நஷ்டம் இரண்டு. முதலாவது, வேலை போய்த் தொடர்ந்து 6 மாதம் வேறு வேலை கிடைக்காவிட்டால், பொதுவாக அந்தஸ்தே போய்விடும். இரண்டாவது, அமெரிக்காவில் வீடு வைத்துக் குடியேறும்வரை குடியுரிமைக்கான வருடக் கணக்கு ஓடாது. 10 வருடம் பாலத்தைக் கடந்து போனாலும், வசிப்புக் கணக்கில் அது பூஜ்யம்தான்.

இப்படி மாறிக்கொள்ளாமல் சும்மா வின்ட்சரில் குடியிருப்பவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. கிரீன் கார்டு என்பது எல்லையைக் கடக்கிற பாஸ் அல்ல, அமெரிக்காவில் வசிப்பதற்கான உரிமை. "வசிப்பையே கைவிட்டுவிட்டீர்கள்" என்று அதிகாரி முடிவு செய்யக்கூடும். அந்த நேரத்தில் ஐ-407 என்ற படிவத்தை நீட்டினால், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். அது கிரீன் கார்டை நீங்களே திருப்பிக் கொடுப்பதற்கான படிவம். கையெழுத்து போடச் சொல்லிக் கட்டாயம் இல்லை. குடிவரவு நீதிபதி முன்னால் வாதாடும் உரிமை உங்களுக்கு உண்டு.

நண்பர் வீட்டு முகவரி... வேண்டவே வேண்டாம்!

இந்த இடத்தில்தான் பலருக்கு ஒரு யோசனை தோன்றும். 'டெட்ராய்டில் நம்ம ஃப்ரெண்ட் வீடு இருக்கே, அந்த முகவரியைப் போட்டால் என்ன?'

இதைவிட மோசமான யோசனை இல்லை. அமெரிக்காவும் கனடாவும் தரைவழி எல்லைப் பதிவுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நாட்டுக்குள் நுழைந்த பதிவே, மற்ற நாட்டை விட்டு வெளியேறிய பதிவாகிவிடுகிறது. தினமும் சாயங்காலம் 6 மணிக்குக் கனடாவுக்குள் போய், காலை 7 மணிக்குத் திரும்புகிறவர் எங்கே தூங்குகிறார் என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் தேவையில்லை.

நேர்காணலில் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுப் பொய் சொன்னால், குடியுரிமைக்குத் தேவையான 'நன்னடத்தை' தகுதியே அடிபடும். வசிப்புக் கணக்கு குறைந்தால் காத்திருந்து மறுபடி விண்ணப்பிக்கலாம். பொய் சொன்ன பதிவை அவ்வளவு சுலபமாக அழிக்க முடியாது.

வருமான வரியிலும் இதே கவனம் வேண்டும். வரி மிச்சம் பிடிக்க, 'நான் அமெரிக்காவில் வசிக்காதவன்' என்று கணக்குத் தாக்கல் செய்தால், வசிப்பை நீங்களே விட்டுக்கொடுத்ததாக அதிகாரிகள் எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஆடிட்டர் சொல்வது வரிக்குச் சரியாக இருக்கலாம். குடியுரிமைக்கும் சரியா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மனைவியை எப்படி அழைப்பது?

கிரீன் கார்டுக்காரர் மனைவிக்காக ஐ-130 மனு கொடுக்கலாம். அது 'எஃப்2ஏ' என்ற பிரிவில் சேரும். இந்தப் பிரிவில் வருடத்துக்கு இத்தனை விசாதான் என்று வரம்பு உண்டு. அதனால் வரிசை. எந்தத் தேதியில் மனு கொடுத்தவர்களின் முறை வந்திருக்கிறது என்பதை, அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் 'விசா புல்லட்டின்' சொல்லும்.

கணவர் குடியுரிமை பெற்றுவிட்டால் நிலைமை மாறுகிறது. குடிமகனின் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. விசா எண்ணுக்கான வரிசையும் இல்லை. மனுவைப் பரிசீலிக்கிற நேரமும் நேர்காணலுக்கான காத்திருப்பும் மட்டும்தான். ஏற்கெனவே கொடுத்த எஃப்2ஏ மனுவும் வீணாகாது. குடியுரிமைச் சான்றிதழைக் காட்டினால் அதே மனு புதிய பிரிவுக்கு மாறிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. குழந்தை இருந்தால் கவனம். எஃப்2ஏ மனுவில் மனைவியோடு குழந்தையும் சேர்ந்து வரலாம். குடிமகனின் மனைவி என்ற பிரிவில் அப்படி ஒட்டிக்கொண்டு வர முடியாது. கணவர் குடிமகன் ஆனதும், குழந்தைக்குத் தனி ஐ-130 கொடுக்க வேண்டும். வின்ட்சரில் பிறந்த குழந்தை பிறப்பால் கனடாக் குடிமகன். ஆனால் பிறந்த நேரத்தில் அப்பாவிடம் இருந்தது கிரீன் கார்டு மட்டும் என்றால், அந்தக் குழந்தை அமெரிக்கக் குடிமகன் ஆகாது. அப்பா குடிமகன் ஆன பிறகு, 18 வயதுக்குள் கிரீன் கார்டோடு வந்து அமெரிக்காவில் அவருடைய பொறுப்பில் வசித்தால், தானாகவே குடியுரிமை கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயம், கல்யாணத் தேதி. கணவருக்குக் கிரீன் கார்டு கிடைப்பதற்கு முன்பே கல்யாணம் நடந்திருந்தால், வேலை வழியாக வந்த அவருடைய கிரீன் கார்டின் தொடர்ச்சியாகவே மனைவியும் பின்னால் வர வழி இருக்கிறது. தனி ஐ-130 வேண்டாம். கிரீன் கார்டு கிடைத்த மறுவாரம் தாலி கட்டினால், அந்த வழி அடைபட்டுவிடும். முகூர்த்தம் குறிக்க ஜோசியரைப் பார்க்கும் குடும்பங்கள், இந்தத் தேதியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

குடிமகன் ஆனபின்பும் வீடு கேட்கும்

'குடியுரிமை வாங்கியாச்சு. இனி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்' என்பது உண்மைதான். குடிமகனுக்கு நாள் கணக்கு இல்லை. வின்ட்சரில் ஆயுள் முழுக்க இருக்கலாம்.

ஆனால் மனைவியை ஸ்பான்சர் செய்யும்போது ஐ-864 என்ற பொருளாதார உத்தரவாதப் படிவம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான ஸ்பான்சர்களுக்கு, அரசு நிர்ணயித்த வறுமைக் கோட்டு அளவில் 125 சதவிகிதமாவது வருமானம் இருக்க வேண்டும். அதோடு இன்னொரு நிபந்தனை, ஸ்பான்சரின் நிலையான இருப்பிடம் அமெரிக்காவில் இருக்க வேண்டும். வின்ட்சரில் வசிக்கும் குடிமகன், மனைவி அமெரிக்காவில் நுழையும்போது தானும் அங்கே குடிவரப்போவதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தம், குழந்தையின் பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு போன்றவை உதவும். கனடாவில் வசிப்பவர்களுக்கான குடியேற்ற விசா நேர்காணல் மான்ட்ரியலில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்கிறது.

கனடா எப்படிக் கணக்குப் போடுகிறது?

மனைவி பக்கமும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கனடாவில் நிரந்தர வசிப்புரிமையைக் காப்பாற்ற 5 வருடத்தில் 730 நாள் அங்கே இருக்க வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, 5 வருடத்தில் 1,095 நாள். நிரந்தர வசிப்பாளராக இருப்பவர் கணவரை ஸ்பான்சர் செய்ய வேண்டுமானால், கனடாவிலேயே வசித்துக்கொண்டிருக்க வேண்டும். கனடாக் குடிமகள் ஆகிவிட்டால், வெளிநாட்டில் இருந்தபடியே ஸ்பான்சர் செய்யலாம். கணவருக்கு வசிப்புரிமை கிடைக்கும்போது கனடாவில் குடிவருவோம் என்று மட்டும் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. கனடா நாள் கணக்கில் பெரிதாகப் பார்ப்பது, நீங்கள் அந்த மண்ணில் இருந்தீர்களா என்பதைத்தான். நாளில் ஒரு பகுதி இருந்தாலும் ஒரு நாள். அப்படியானால் டெட்ராய்டில் குடியிருந்துகொண்டு, தினமும் வின்ட்சருக்கு வேலைக்குப் போனால், மனைவியின் கனடாக் கணக்கும் ஓடும், கணவரின் அமெரிக்கக் கணக்கும் ஓடும். இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

ஆனால் டெட்ராய்டில் குடியிருக்க மனைவியிடம் விசா இல்லையே! ஹெச்-1பி போல ஒரு வேலை விசா மனைவிக்குக் கிடைத்தால் டெட்ராய்டில் சேர்ந்து வாழலாம்தான். ஆனால் அப்போது வேலையும் டெட்ராய்டுக்கு மாறிவிடும், கனடாக் கணக்கு நின்றுவிடும். சுற்றுலா விசாவில் வந்து குடித்தனம் நடத்த முடியாது. ஐ-130 மனு நிலுவையில் இருக்கும்போது சுற்றுலா விசா கேட்டால், 'இவர் திரும்பிப் போவாரா?' என்ற சந்தேகமும் வரும்.

ஆக, கணவரின் அமெரிக்கக் குடியுரிமைக் கணக்கு தடையில்லாமல் ஓட வேண்டுமென்றால், அவருடைய வீடு டெட்ராய்டில் இருக்க வேண்டும். மனைவி வின்ட்சரில். வார இறுதியில் சந்திப்பு. சுரங்கத்தைக் கடக்கச் சில நிமிடங்களே ஆனாலும், இரண்டு வாடகை, இரண்டு சமையலறை. பல தம்பதிகள் இந்த வாழ்க்கையைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள். சேர்ந்து வாழ்வதே முக்கியம் என்று கம்யூட்டர் அந்தஸ்துக்கு மாறி, குடியுரிமையைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே சட்டப்படி சரியான முடிவுதான். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரியாமலே 5 வருடத்தைக் கழிப்பதுதான் பரிதாபம்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக இந்தத் தரைவழி எல்லை அவசியமற்ற பயணங்களுக்கு மூடப்பட்டது. அமெரிக்கா தன் பக்கத்தைத் தடுப்பூசி போட்டவர்களுக்குத் திறந்தது 2021 நவம்பரில்தான். அந்த மாதங்களில், மேற்குக் கடற்கரையில் வாஷிங்டன் மாநிலத்துக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் நடுவே இருக்கும் 'பீஸ் ஆர்ச்' பூங்காவில்தான் பிரிந்திருந்த பல ஜோடிகள் சந்தித்துக்கொண்டார்கள். அந்தப் புல்வெளியில் கல்யாணங்கள்கூட நடந்தன. வார இறுதிச் சந்திப்பை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

*துணை அமெரிக்கக் குடிமகன் என்றால் 3 வருடத்தில் குடியுரிமை கிடைக்குமே?*
கிடைக்கும். ஆனால் அந்த 3 வருடமும் துணை குடிமகனாக இருந்திருக்க வேண்டும், இருவரும் ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும். ஆளுக்கொரு கரையில் வீடு என்றால், பொதுவாக 5 வருட வழிதான்.

*ஊருக்கு வந்து எத்தனை நாள் தங்கலாம்?*
ஒரே பயணத்தில் 6 மாதத்தைத் தாண்டினால், தொடர்ச்சி அறுந்ததாக அதிகாரி முதலில் எடுத்துக்கொள்வார். அறவில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்காமல் ஒரு வருடம் ஆகிவிட்டால், தொடர்ச்சி கட்டாயம் அறும். அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

*விண்ணப்பம் கொடுத்தபின் வின்ட்சருக்கு மாறலாமா?*
கூடாது. குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாள்வரை வசிப்பு அமெரிக்காவில்தான் தொடர வேண்டும். 'இன்டர்வியூ முடிஞ்சாச்சே' என்று வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

*புதுமணத் தம்பதிக்கு வேறு நிபந்தனை உண்டா?*
கல்யாணமாகி 2 வருடம் நிறைவதற்குள் திருமணத்தின் பேரில் கிரீன் கார்டு கிடைத்தால், அது 2 வருட நிபந்தனை கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் ஐ-751 கொடுத்து நிபந்தனையை நீக்க வேண்டும்.

*இந்தியக் குடியுரிமை என்ன ஆகும்?*
இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955-ம் வருடச் சட்டப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டை வாங்கலாம். ஓட்டு கிடையாது. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, வாரிசு உரிமையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

கையில் இருக்க வேண்டியவை

* எல்லை தாண்டிய ஒவ்வொரு பயணத்தின் தேதியும். என்-400-ல் 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களை எழுத வேண்டும். போனிலேயே ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால், 5 வருடம் கழித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.
* அமெரிக்க வீட்டின் வாடகை ஒப்பந்தம், மின்சார பில், ஓட்டுநர் உரிமம், ஒவ்வொரு வருடத்தின் வரித் தாக்கல்.
* தனித்தனி வீட்டில் இருந்தாலும் திருமணம் உண்மையானது என்பதற்கான ஆதாரங்கள்: கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டில் துணையின் பெயர், சேர்ந்து எடுத்த படங்கள், பயணச் சீட்டுகள்.
* உரிமம் பெற்ற குடிவரவு வழக்கறிஞரின் ஆலோசனை. இரண்டு நாட்டுக் கணக்கும் ஓடும்போது, ஒரு நாட்டுச் சட்டம் மட்டும் தெரிந்தவர் சொல்வது பாதி பதில்தான்.

வின்ட்சரில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டியது வாடகையைப் பற்றி மட்டும் அல்ல. யாருடைய கணக்கு முதலில் முடியட்டும், அதுவரை எந்த வீட்டில் யார் இருப்பது, எத்தனை வருடம் என்பதையும் பேசி, ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். 'பக்கத்துலதானே இருக்கீங்க, ஏன் தனித்தனி வீடு?' என்று அவர்கள் கவலைப்படாமல் இருப்பார்கள்.